நட்சத்திரம் கடைக்கு, அடி சர்வருக்கு

மக்களே, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது குடிக்கலாமா கூடாதாங்கற பதிவு இல்லை. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். கொஞ்சம் காஸ்ட்லியான இடத்துக்குப் போய் சாப்ட்டு, குடிச்சுட்டு வர்றவங்க அதுக்கப்புறம் இணையத்துல என்ன கருத்து எழுதறாங்கங்கறதைப் பத்தின பதிவு இது. சாதா பார் இல்லை. மஞ்சளா பல்பு தொங்கும், செங்கல் சுவரைப் பூசாமலே விட்டிருப்பாங்க, மெனு கார்டுல பொடி இட்லிக்கு நேரா நானூத்துச் சொச்சம் போட்டிருக்கும். கேஸ்ட்ரோபப்னு பேரு.

நான் ஏன் இதை எழுதறேன்னா, எனக்குப் பொட்டி தட்டற வேலை அம்பத்தூர் எஸ்டேட்ல. மூணு மாசத்துக்கு ஒருதரம் டீம் பார்ட்டிக்குனு கம்பெனி கொஞ்சம் காசு ஒதுக்கும். இடம் புடிக்கற ஆணி எப்பவும் என் தலையிலதான் விழும். 'நீதான் பிளாக் எல்லாம் எழுதறியே, உனக்குத்தான் ரசனை ஜாஸ்தி'ன்னு சொல்லிடுவாங்க. (ரசனைக்கும் உன் மொக்கைப் பதிவுக்கும் என்னய்யா சம்பந்தம்னு நீங்க கேக்கறது காதுல விழுது.) அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிரியாணிக்குப் பஞ்சமே இல்லை. ஆனா இந்த மாதிரி இடம் வேணும்னா நுங்கம்பாக்கம், தி.நகர், ஆழ்வார்பேட்டைனு ஊருக்குள்ள போகணும். சாயங்கால டிராஃபிக்ல பாடியைத் தாண்டறதுக்குள்ளயே பாதி உசிரு போயிடும். அவ்ளோ தூரம் போய் ஏமாறக் கூடாதேன்னு, போறதுக்கு முன்னாடி உக்காந்து கருத்துகளைப் படிப்பேன். இந்த ரெண்டு வருஷத்துல நூத்துக்கணக்குல படிச்சாச்சு. படிச்சதுல எனக்குத் தோணினது ஒரே விஷயம்தான். இதுல முக்கால்வாசிப் பேரு பக்கைத் தப்பான ஆளுக்கு அசைன் பண்றாங்க.

பொட்டி தட்டாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு சாஃப்ட்வேர்ல தப்பு இருந்தா டெஸ்டர் அதை எழுதி, யார் எழுதின பகுதியில தப்போ அவர் பேருக்கு அனுப்புவார். பேரை மாத்திப் போட்டுட்டா சம்பந்தமே இல்லாத ஒருத்தன் திட்டு வாங்குவான், தப்பு அப்படியே இருக்கும். கேஸ்ட்ரோபப் கருத்துகள்ல நடக்கறது அச்சு அசல் இதேதான்.

சரி, கேஸ்ட்ரோபப்னா என்னன்னு பாத்துடுவோம். 1991-ல லண்டன்ல கிளார்க்கன்வெல் பகுதியில 'தி ஈகிள்'னு ஒரு பப்பை மைக் பெல்பன், டேவிட் அயர்னு ரெண்டு பேர் எடுத்தாங்க. பார் கவுன்ட்டர் பக்கத்துலயே அடுப்பு, கரும்பலகையில அன்னன்னிக்கு என்ன சாப்பாடுங்கற பட்டியல். குடிக்கற இடத்துல சாப்பாடு தொட்டுக்கற அயிட்டமா இல்லாம முக்கிய அயிட்டமா ஆனது அங்கதான்னு சொல்வாங்க. நம்ம நாட்டுல 2012-ல பெங்களூர்ல திறந்த 'மங்கி பார்'தான் இந்தியாவின் முதல் கேஸ்ட்ரோபப்னு சொல்லிக்கிட்டு வந்துச்சு. செஃப் மனு சந்திரா பேரோட சேர்த்துப் பேசப்பட்ட இடம். (ஈரல் வறுவலுக்காகவே டாஸ்மாக் பாருக்குப் போற பெருசுங்க எங்க ஏரியாவுல உண்டு. அவங்ககிட்ட இந்த வரலாறைச் சொன்னா, 'லண்டன்காரன் ரொம்ப லேட்டு'ம்பாங்க.)

அதாவது கேஸ்ட்ரோபப்போட உசிரே சாப்பாடுதான். அப்போ கருத்துகள்லயும் சாப்பாட்டைப் பத்தித்தானே நிறைய இருக்கணும்? அதான் இல்லை. 'ஃபுட் வாஸ் குட், ஆம்பியன்ஸ் ஆஸம்'னு ஒரு வரி. அவ்ளோதான். அதுக்கு அஞ்சு நட்சத்திரம். மிச்சம் எல்லாம் ஒத்தை நட்சத்திரத் திட்டுகள். அந்தத் திட்டுகளைக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம்.

ஒண்ணு: 'பில்லுல வரி போட்டே கொன்னுட்டானுங்க.' மது ஜிஎஸ்டிக்குள்ள வர்றதில்லை, அதுக்கு மாநில அரசு தனியா வாட் போடுது. சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி பொதுவா 5%. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டற ஹோட்டலுக்குள்ள இருக்கிற உணவகம்னா 18%. நம்ம ஊர்ல தனியா ஒரு கட்டடத்தைப் புடிச்சு பப் நடத்தறது லேசுப்பட்ட காரியம் இல்லை. சில்லறை மது வியாபாரம் 2003-லேர்ந்து டாஸ்மாக் கையில. மத்தபடி கிளப்புக்கு எஃப்.எல்.2, ஹோட்டலுக்கு எஃப்.எல்.3-னு லைசன்ஸ். அதனால நம்ம பப்புங்க பெரும்பாலும் ஏதோ ஒரு ஹோட்டலுக்குள்ளதான் இருக்கும். வரியைப் போட்டது அரசாங்கம், வரி தனின்னு மெனு கார்டோட அடியில எறும்பு சைஸ் எழுத்துல அச்சடிச்சது நிர்வாகம்.

ரெண்டு: 'கேக்காமலே 10% சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டாங்க.' இது நியாயமான கோவம். 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லுல சேக்கக் கூடாதுன்னு வழிகாட்டுதல் கொடுத்துச்சு. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போச்சு. 2025 மார்ச் 28 அன்னிக்கு தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு சொல்லி, வழக்குப் போட்ட சங்கங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் போட்டுச்சு. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்காங்க. ஆக, எடுக்கச் சொல்லிக் கேக்கறதுக்கு நமக்குப் பிடிமானம் இருக்கு. ஆனா அதை பில்லுல போடச் சொன்னது முதலாளி. பில்லைக் கொண்டு வந்து வைக்கறவர் இல்லை.

மூணு: 'பசங்க மட்டும் போனா உள்ள விடலை.' இது எனக்கே நடந்திருக்கு. ஊருக்குள்ள ஒரு இடம், பேரு வேணாம். ஆபீஸ்லேர்ந்து நாலு பேர் போனோம், நாலும் ஆம்பளைங்க. வாசல்ல இருந்த செக்யூரிட்டி அண்ணன், 'கப்பிள்ஸ் மட்டும்தான் சார்'ன்னாரு. எங்க டீம் பையன் ஒருத்தன் அவர்கிட்ட எகிறினான். அவரு மெதுவா, 'எனக்கு மட்டும் ஆசையா தம்பி, மேல சொல்றதைத்தான் செய்யறேன்'னாரு. பொண்ணுங்க பாதுகாப்புக்காகத்தான் இந்த விதின்னு சொல்றவங்க இருக்காங்க. சரி, இருக்கட்டும். அப்போ அதை போன்ல டேபிள் புக் பண்ணும்போதே சொல்லலாமே? அம்பத்தூர்லேர்ந்து வர வெச்சு வாசல்ல நிறுத்திச் சொல்றதுதான் பிரச்சினை. இந்த வாசல் விவகாரம் பப்போட முடியற சமாச்சாரமும் இல்லை. 2014-ல சென்னையில ஒரு கிரிக்கெட் சங்க கிளப்புக்குள்ள வேட்டி கட்டினதால உயர் நீதிமன்ற நீதிபதி ஒருத்தரையே விடலை. அதுக்கப்புறம் அதே வருஷம் தமிழ்நாடு அரசு வேட்டியைத் தடுக்கக் கூடாதுன்னு தனிச் சட்டமே கொண்டு வந்துச்சு. வேட்டிக்குச் சட்டம் வந்துச்சு, ரப்பர் செருப்புக்கு இன்னும் வரலை :-)

நாலு: 'திருவள்ளுவர் தினம் அன்னிக்குப் போனேன், சரக்கு இல்லைன்னுட்டாங்க.' அண்ணாத்தே, கள்ளுண்ணாமைன்னு ஒரு அதிகாரமே எழுதி வெச்ச மனுஷனோட நாள் அது. அன்னிக்கு ஊர் முழுக்க மூடித்தான் இருக்கும். இதுக்கு ஒத்தை நட்சத்திரம் யாருக்கு? வள்ளுவருக்கா? இதே வகையறாதான் 'வயசைக் கேட்டு ஐடி காட்டச் சொன்னாங்க'ங்கற திட்டும். நம்ம மாநிலத்துல 21 வயசுக்குக் கீழ ஊத்திக் கொடுத்தா கடைக்குத்தான் ஆப்பு. ஐடி கேட்டவர் அவர் வேலையைச் செஞ்சாரு.

அஞ்சு: 'ஆர்டர் பண்ணி முக்கால் மணி நேரம் ஆச்சு.' சனிக்கிழமை ராத்திரி அம்பது டேபிளுக்கு அடுப்பாங்கரையில எத்தனை பேர், வெளியில பரிமாற எத்தனை பேர்னு முடிவு பண்றது யாரு? மறுபடியும் நிர்வாகம்தான்.

இந்த அஞ்சுல ஒண்ணுகூட தட்டை எடுத்துட்டு வர்ற பையன் முடிவு பண்ணினது இல்லை. ஆனா கருத்தோட கடைசி வரி எப்படி முடியுது? 'வொர்ஸ்ட் சர்வீஸ் பை மிஸ்டர் இன்னார்.' சட்டையில குத்தியிருந்த பேட்ஜைப் பாத்துப் பேரை எழுதிடறாங்க. முதலாளி பேரு நமக்குத் தெரியாது, வரித்துறை ஆளு கண்ணுல பட மாட்டார், கண்ணுல படறது சர்வர்தான். (நம்ம சர்வர் இல்லீங்க, இது நடந்து வர்ற சர்வர்.)

எழுதினா என்ன இப்போன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் ஒரு தம்பிகிட்ட கேட்டேன். பட்டாபிராம்ல எங்க தெருப் பையன். கேட்டரிங் படிச்சுட்டு ஊருக்குள்ள இந்த மாதிரி ஒரு இடத்துலதான் வேலை பாக்கறான். கடைசி ரயிலை விட்டுட்டா ஹோட்டல்லயே ஸ்டாஃப் ரூம்ல படுத்துட்டு, காலையில முதல் வண்டியில வீட்டுக்கு வருவான். அவன் சொன்னதை அப்படியே தர்றேன்.

"தெனம் சாயங்காலம் பிரீஃபிங்னு ஒண்ணு நடக்கும்ணா. நேத்து வந்த ரிவ்யூவ எல்லாம் மேனேஜர் சத்தமா படிப்பாரு. யார் பேரு எத்தினி வாட்டி வந்துதுன்னு எழுதி ஒட்டுவாங்க. மாசத்துக்கு இருபது பேரு வரணும்ணா. வரலைனா நிக்க வெச்சிக் கேப்பாங்க."

சாப்ட்டு முடிச்சதும் 'நல்லா இருந்தா ரிவ்யூ போடுங்க சார், என் பேரையும் போடுங்க சார்'னு பக்கத்துலயே நிக்கறாங்களே, அதுக்குக் காரணம் இதான். நான் அதை விளம்பரம்னு நினைச்சு எரிச்சல் பட்டிருக்கேன். அது கெஞ்சல்.

ஒரு நாள் ராத்திரி பார் மூடற நேரம் தாண்டினதுக்கு அப்புறம் ஒரு கஸ்டமர் இன்னொரு ரவுண்டு கேட்டிருக்கார். இவன் முடியாது சார்னு சொல்லியிருக்கான். சொல்லித்தான் ஆகணும், லைசன்ஸ் விவகாரம். அவர் வீட்டுக்குப் போற வழியிலயே ஒத்தை நட்சத்திரம் போட்டு, இவன் பேரைப் போட்டு, 'திமிர் புடிச்ச ஆளு'ன்னு எழுதிட்டார். மறுநாள் பிரீஃபிங்ல அதைப் படிச்சாங்க. அந்த மாசம் இன்சென்டிவ் கட். ரெண்டு வாரம் பார்லேர்ந்து தூக்கி பாங்க்வெட் ஹால்ல நாற்காலி அடுக்கப் போட்டுட்டாங்க.

"என் மேல தப்பு இல்லைனு மேனேஜருக்கே தெரியும்ணா. ஆனா ரிவ்யூல என் பேருதானே இருக்குது."

நமக்கு வருஷத்துக்கு ஒருதரம் அப்ரைசல் வந்தாலே தூக்கம் போயிடுது. பெல் கர்வ், அது இதுன்னு பக்கம் பக்கமாப் பொலம்பறோம். அவனுக்குத் தெனமும் அப்ரைசல். போடறது யாருன்னா, முன்னபின்ன தெரியாத, நாலு ரவுண்டு உள்ள போன ஒரு ஆளு. மறுத்துப் பேச வாய்ப்பு கிடையாது.

நிர்வாகம் ஏன் நட்சத்திரத்துக்கு இவ்ளோ பறக்குது? காசு இருக்கு அதுல. ஹார்வர்டுல மைக்கேல் லூக்காங்கறவர் சியாட்டில் உணவகங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2011-ல வெளியிட்டார். யெல்ப் தளத்துல ஒரு நட்சத்திரம் கூடினா வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுதாம். அதுவும் தனிக் கடைகளுக்குத்தான், சங்கிலிக் கடைகளுக்கு அந்தப் பலன் இல்லை. காசு இருக்கிற இடத்துல தில்லாலங்கடியும் இருக்கும். 2017-ல லண்டன்ல ஊபா பட்லர்னு ஒரு ஆளு, தன் வீட்டுத் தோட்டத்துல இருந்த கொட்டகையை ஓட்டல்னு பதிவு பண்ணி, நண்பர்களை விட்டுப் பொய்க் கருத்து எழுத வெச்சு, டிரிப்அட்வைசர்ல லண்டன்லயே நம்பர் ஒன் உணவகமா ஆக்கிட்டார். நம்பர் ஒன் ஆகற வரைக்கும் ஒருத்தருக்கும் அங்க சாப்பாடே போடலை! நம்ம நாட்டுல 2022 நவம்பர்ல பிஐஎஸ் இதுக்குனு ஐஎஸ் 19000-னு ஒரு தரநிலை கொண்டு வந்துச்சு. இஷ்டப்பட்டவங்க பின்பற்றலாங்கற வகை. அஞ்சு நட்சத்திரம் போட்டா டெசர்ட் ஃப்ரீங்கறது கூகுளோட விதிப்படியே தப்பு. ஆனாலும் அந்த டெசர்ட்டை நம்மள்ல எத்தனை பேரு வேணாம்னு சொல்வோம்?

இதுல அடி வாங்கறது சர்வர் மட்டும் இல்லை, படிக்கற நாமளுந்தான். கெஞ்சி வாங்கின அஞ்சும், கோவத்துல போட்ட ஒண்ணும் சேர்ந்து எல்லாக் கடைக்கும் நாலேகால், நாலரைனு ஒரே மாதிரி நம்பர் வந்து நிக்குது. அதை வெச்சுக்கிட்டு ஒரு முடிவும் எடுக்க முடியறதில்லை. நான் படிச்சதுல உண்மையிலேயே உதவினது பெரும்பாலும் பொண்ணுங்க எழுதின கருத்துகள்தான். 'பார்க்கிங்ல வெளிச்சம் இருக்கு, கேப் வர்ற வரைக்கும் ஒரு ஸ்டாஃப் கூட நின்னார், பாத்ரூம் வழி பாரைச் சுத்தித்தான் போகணும்'னு எழுதியிருப்பாங்க. எங்க டீம்ல மூணு பொண்ணுங்க. ராத்திரி திருநின்றவூர் வரைக்கும் திரும்பிப் போகணும். 'ஆம்பியன்ஸ் ஆஸம்' அவங்களுக்கு எதுக்கு ஆகும்?

'அப்போ சர்வர் நிஜமாவே மரியாதை இல்லாம நடந்தா? மூவாயிரம் ரூபா கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு வரணுமா?' கண்டிப்பா கேக்கணும். அங்கேயே மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்க. ரெண்டு பக்கமும் பேச முடியற இடம் அது. வெளிய வந்து எழுதினாலும் நடந்ததை எழுதுங்க, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன சொன்னாங்கன்னு. பேரு எதுக்கு? அந்த ஷிஃப்ட்ல அந்த டேபிளுக்கு யாருன்னு அவங்களுக்கே தெரியும். அவங்களுக்குள்ள விசாரிச்சுக்கட்டும். இணையத்துல போட்ட பேரு, அவன் அடுத்த வேலைக்குப் போகும்போதும் தேடினா வரும். ஒரு ராத்திரி கோவத்துக்கு அது ரொம்பப் பெரிய தண்டனை.

பக் ரிப்போர்ட் எழுதற பழக்கத்துல, நான் எப்படி எழுதறேன்னு சொல்றேன். நல்லா இருந்தா நீங்களும் எடுத்துக்கோங்க.

1. எந்த மாசம், என்ன கிழமை, எத்தனை பேர் போனோம். சனிக்கிழமை ராத்திரியும் செவ்வாய்க்கிழமை மதியமும் ஒரே கடை இல்லை.

2. என்ன சாப்ட்டோம், எப்படி இருந்துச்சு. 'குட்' வேணாம். பன் பரோட்டா சூடா வந்துச்சா, நண்டு வறுவல்ல நண்டு இருந்துச்சா, சைவம் சாப்பிடறவங்களுக்கு பனீரைத் தவிர வேற ஏதாவது உண்டா.

3. மெனுவுல போட்ட விலை எவ்ளோ, கடைசி பில்லு எவ்ளோ. சர்வீஸ் சார்ஜ் போட்டாங்களா, எடுக்கச் சொன்னா எடுத்தாங்களா.

4. வாசல் விதி என்ன. பசங்க மட்டும் போனா விடறாங்களா, செருப்புக்குத் தடை உண்டா. நம்ம பேட்டைலேர்ந்து ஒன்றரை மணி நேரம் வர்றவனுக்கு இதுதான் முதல் தகவல்.

5. குறை இருந்தா அது யாரோட முடிவுன்னு ஒரு வார்த்தை. 'நிர்வாகம் ஆள் பத்தாம வெச்சிருக்கு'ன்னு எழுதினா அது முதலாளிக்கு உறைக்கும். 'இன்னார் லேட்டாக் கொண்டு வந்தார்'னு எழுதினா அவருக்கு ஒண்ணும் ஆகாது, அந்தப் பையனுக்குத்தான் ஆகும்.

6. பாராட்டணும்னா மட்டும் பேரைப் போடுங்க. தாராளமாப் போடுங்க. இருபது வேணுமாம் மாசத்துக்கு.

இதெல்லாம் நமக்குப் புதுசு இல்லை. நம்ம பதிவர்கள் ஒரு மெஸ்ஸைப் பத்தி எழுதினா எப்படி எழுதுவாங்க? எத்தனை மணிக்குப் போனா மீன் குழம்பு இருக்கும், எப்போ தீந்து போகும், அளவுச் சாப்பாடு எவ்ளோ, முழுச் சாப்பாடு எவ்ளோ, ரெண்டாவது ரசம் கேட்டா முகம் சுளிப்பாங்களான்னு எல்லாம் இருக்கும். படிச்சுட்டு நேரா கிளம்பிப் போகலாம். தொண்ணூறு ரூபா சாப்பாட்டுக்கு ரெண்டு பக்கம் எழுதற நாம, மூவாயிரம் ரூபா சாப்பாட்டுக்கு ஏன் நட்சத்திரத்தை மட்டும் அமுக்கிட்டு வர்றோம்? ஏசி போட்ட இடத்துல உக்காந்தா தமிழும் மறந்து போகுது, நிதானமும் மறந்து போகுது.

அடுத்த தடவை ஒத்தை நட்சத்திரத்துல விரலை வைக்கறப்போ ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. இந்த முடிவை எடுத்தது யாரு? பதில் தெரிஞ்சா அவங்களைத் திட்டுங்க, நானும் வந்து சேர்ந்துக்கறேன். தெரியலைன்னா பேட்ஜுல இருக்கிற பேரை மட்டும் விட்டுடுங்க.

நீங்க எப்படி எழுதறீங்க, பேரைப் போட்டு எழுதினதுல யாருக்காவது நல்லதோ கெட்டதோ நடந்து பாத்திருக்கீங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் ஓகே. கும்மி மட்டும் அளவா அடிங்க, நாளைக்கு ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி.

டிஸ்கி: எந்தக் கடைன்னு கேட்டு தனிமடல் அனுப்பாதீங்க. சொல்ல மாட்டேன். சொன்னா அங்க நிக்கற செக்யூரிட்டி அண்ணனைத்தான் முதல்ல திட்டுவீங்க.